காஸ் ஹீற்றரைப் பொருத்துமுன் யன்னலைத் திறவுங்கள்



இந்தக் குளிர்காலத்தில் எனது முதல் உரை வருமான வரி பற்றியதாக இருந்திருக்க வேண்டும். ஒரு கணக்காளனிடம் எல்லோரும் எதிர்பார்ப்பது அதைத்தான். ஆனால் நிகழ்ச்சி முடிந்து கலையகத்தைப் பூட்டப் போன நேரத்தில் வந்த ஒரு தொலைபேசி அழைப்பு எனது தலைப்பை மாற்றிவிட்டது. அழைத்தவர் எங்கள் நிகழ்ச்சியைத் தவறாமல் கேட்கும் ஒரு தாயார்.

"தம்பி, மகளின்ரை வீட்டிலை காஸ் பொயின்ற் ஹோலிலைதான் இருக்கு. பேரப்பிள்ளை படுக்கிற அறைதான் சரியான குளிர். மருமகன் ஹாட்வெயார் கடையிலை இன்னொரு ஹோஸ் வாங்கி ஒட்டி, ஹீற்றரை அறைக்குள்ளை வைக்கப் போறாராம். பிளம்பரைக் கூப்பிட்டால் காசு எண்டு சொல்லுறார். அப்பிடிச் செய்யலாமோ?"

"வேண்டாம் அம்மா, இண்டைக்கு ஒண்டையும் தொட வேண்டாமெண்டு சொல்லுங்கோ" என்றேன். அன்றிரவே மருமகனிடமும் பேசினேன். அவர் படித்தவர், பொறுப்பானவர். "அங்கிள், ஒரு ஹோஸ்தானே?" என்று கேட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 1996 ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் நான் செய்தது அதைவிட மோசம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் செய்த தவறு

நாங்கள் சிட்னிக்கு வந்து இரண்டாவது குளிர்காலம். இரண்டு அறை உள்ள ஒரு வாடகைத் தொடர்மாடி வீடு. ஒரு வீட்டு வாசலில் போட்டு விற்ற பழைய பொருட்களுக்கிடையில் ஒரு காஸ் ஹீற்றரை மலிவாக வாங்கி வந்தேன். எங்கள் ஹோல் சுவரில் காஸ் பொயின்ற் இருந்தது. மாட்டினேன், எரிந்தது, அறை சூடானது. ஆனால் சுவரின் மேலேயும் கீழேயும் கம்பி வலை போட்ட இரண்டு துவாரங்களால் குளிர்காற்று வந்துகொண்டிருந்தது. சூடு வீணாகிறதே என்று பழைய பத்திரிகையை மடித்து இரண்டையும் இறுக்கி அடைத்தேன். கதவின் அடியில் ஒரு துவாயையும் சுருட்டி வைத்தேன். அன்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

இரண்டு வாரத்திற்குள் மனைவிக்கு மாலையானால் தலையிடி. நான்கு வயது மகளுக்கு இருமலும் குமட்டலும். எனக்கு ஒரே அசதி. மூவருக்கும் காய்ச்சல் இல்லை. 'புளூ' என்று எண்ணி எங்கள் தமிழ் வைத்தியரிடம் போனோம். அவர் மருந்து எழுதுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டார்: "காலையிலை வெளியிலை போனாப் பிறகு தலையிடி நிக்குதோ?" நின்றது. வேலைக்குப் போனால் எனக்கும் சுகம், வீட்டுக்கு வந்தால் வருத்தம். அடுத்த கேள்வி: "வீட்டிலை என்னத்தாலை சூடாக்கிறியள்?"

மறுநாள் லைசன்ஸ் பெற்ற காஸ்பிற்றர் ஒருவர் வந்தார். ஹீற்றரின் எரியும் பகுதி முழுவதும் தூசி அடைத்திருந்தது. சுவாலை நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்தது. ஹோஸ் மடிந்த இடத்தில் வெடிப்பு விட்டிருந்தது. அவர் ஏசவில்லை. சுவர்த் துவாரங்களிலிருந்து பத்திரிகையை உருவி எடுத்து எனது மேசையில் வைத்தார். அவ்வளவுதான். அந்தத் தாள் மேசையில் கிடந்தது இன்றும் என் கண்முன் நிற்கிறது.

ஏன் அப்படிச் செய்தோம்?

எங்களில் பலர் வந்த பாதை அப்படி. 1990களில் பொருளாதாரத் தடைக்குள் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தவர்களுக்கு ஜாம் போத்தல் விளக்கு ஞாபகம் இருக்கும். ஒரு சொட்டு மண்ணெண்ணெயில் ஒரு பிள்ளை பரீட்சைக்குப் படித்தது. பழுதான எதையும் எறியாமல், கிடைத்ததை வைத்து ஒட்டி, கட்டி, சமாளித்தோம். அந்தக் கைப்பழக்கம்தான் எங்களைக் காப்பாற்றியது. அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் காஸ் விடயத்தில் மட்டும் அதே கைப்பழக்கம் எங்களுக்கு எதிரி. ஊரில் எங்கள் வீடுகளில் காற்று தானாக வந்து போனது. இங்கே வீடுகளை இறுக்கமாகக் கட்டுகிறார்கள். நாங்கள் அதற்கு மேலும் இறுக்குகிறோம்.

ஹீற்றருக்கும் ஐந்தொகை உண்டு

கணக்கியலில் இரட்டைப் பதிவு என்று ஒன்று உண்டு. ஒரு பக்கம் எழுதினால் மறுபக்கமும் எழுத வேண்டும், இல்லாவிட்டால் கணக்குச் சரிவராது. காஸ் ஹீற்றரும் அப்படித்தான். நாங்கள் காஸ் வருகிற பக்கத்தை மட்டும் பார்க்கிறோம். காற்றும் வர வேண்டும், எரிந்தது வெளியே போக வேண்டும் என்ற மறுபக்கத்தை எழுத மறந்துவிடுகிறோம்.

ஒரு உதாரணம் பாருங்கள். ஹீற்றரின் பின்பக்கத் தகட்டில் 25 எம்.ஜே. என்று இருந்தால், முழு வேகத்தில் எரியும்போது அது மணிக்கு 25 மெகாயூல் காஸைச் செலவழிக்கிறது. ஏறக்குறைய 7 கிலோவாற் சூடு. இதற்கு மணிக்கு முக்கால் கன மீற்றருக்குச் சற்றுக் குறைவான இயற்கை வாயு போகிறது. அந்த வாயு முறையாக எரிய அதைப்போல் பத்து மடங்கு காற்று வேண்டும், அதாவது மணிக்கு ஆறரை கன மீற்றர். நான்கு மீற்றர் நீளமும் நான்கு மீற்றர் அகலமும் 2.4 மீற்றர் உயரமும் கொண்ட ஒரு ஹோலில் இருப்பது 38 கன மீற்றர் காற்று. மாலை ஆறு மணி தொடக்கம் பத்து மணி வரை எரித்தால், அந்தக் காற்றில் மூன்றில் இரண்டு பங்கு அளவை ஹீற்றர் கேட்கிறது. அதே காற்றைத்தான் நீங்களும் பிள்ளைகளும் சுவாசிக்கிறீர்கள்.

இனி வெளியே வருவது. வாயு எரிந்தால் காபனீரொட்சைட்டும் நீராவியும் உண்டாகும். அந்த 25 எம்.ஜே. ஹீற்றர் மணிக்கு ஏறக்குறைய ஒரு லீற்றர் தண்ணீரை ஆவியாக அறைக்குள் விடுகிறது. நான்கு மணித்தியாலத்தில் நான்கு லீற்றர். காலையில் யன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழிவதும், அலுமாரிக்குப் பின்னால் கறுப்புப் பூஞ்சணம் பிடிப்பதும் பெரும்பாலும் இதனால்தான். "வீடு ஈரமாக இருக்கிறது" என்று முகவரிடம் முறையிடுவதற்கு முன் இதையும் யோசியுங்கள்.

மூன்றாவதாக நைதரசன் ஈரொட்சைட்டு. மிகுந்த சூட்டில் காற்றிலுள்ள நைதரசனும் ஒட்சிசனும் சேர்ந்து உண்டாவது. ஆஸ்துமா உள்ள பிள்ளைகளுக்கு இது கூடாது. இந்த மாநிலத்துப் பள்ளிக்கூட வகுப்பறைகளில் புகைபோக்கி இல்லாத காஸ் ஹீற்றர்கள் நீண்ட காலம் இருந்தன. 22 பள்ளிக்கூடங்களில் சுமார் 400 மாணவர்களை வைத்து சிட்னியின் வூல்கொக் மருத்துவ ஆய்வு நிறுவனம் செய்த ஆய்வு 2010 இல் வெளியானது. புகைபோக்கி உள்ள ஹீற்றர்களோடு ஒப்பிட்டபோது, புகைபோக்கி இல்லாதவை எரிந்த காலத்தில் பிள்ளைகளுக்கு மாலை நேர இருமலும் காலை நேர இழுப்பும் கூடியிருந்தன. அவை நல்ல நிலையில் இருந்த, குறைந்த வெளியேற்றம் கொண்ட ஹீற்றர்கள் என்பதையும் கவனியுங்கள்.

நான்காவதுதான் ஆளைக் கொல்வது: காபன் ஓரொட்சைட்டு. காற்றுப் போதாமல், அல்லது எரியும் பகுதி அடைபட்டு, வாயு அரைகுறையாக எரிந்தால் இது உண்டாகும். இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமக்கும் ஈமோகுளோபின், ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கு மேல் பலமாக இதைப் பற்றிக்கொள்ளும். நிறமில்லை, மணமில்லை. காஸ் ஒழுகினால் மணக்கும், ஏனென்றால் அதற்கென்றே மணம் சேர்க்கிறார்கள். காபன் ஓரொட்சைட்டுக்கு அப்படி எவரும் மணம் சேர்ப்பதில்லை. "மணக்கவில்லை, ஆகவே பயமில்லை" என்பது தவறு. புகை எச்சரிக்கைக் கருவி எங்கள் மாநிலத்தில் 2006 மே 1 முதல் எல்லா வீட்டிலும் கட்டாயம். ஆனால் அது இதைக் கண்டுபிடிக்காது. இதற்கு வேறு கருவி வாங்க வேண்டும்.

என்ன மாதிரியான ஹீற்றர்?

சிட்னி வீடுகளில் அதிகம் காண்பது, சுவரிலுள்ள காஸ் பொயின்றில் ஹோஸால் மாட்டி, வேண்டாதபோது கழற்றி வைக்கும் புகைபோக்கி இல்லாத ஹீற்றர். இந்த உரை முக்கியமாக அதைப் பற்றியது.

மெல்பேர்ணில் உறவினர் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. விக்ரோறியாவில் இயற்கை வாயுவுக்கு இந்தப் புகைபோக்கி இல்லாத வகைக்கு அனுமதி இல்லை. அங்கே சுவரோடு பொருத்திய, புகைபோக்கி உள்ளவைதான். ஆனால் அவையும் பழுதானால் ஆபத்தே. 2010 ஆம் ஆண்டு மே மாதம் ஷெப்பர்ட்டனுக்கு அருகே மூறூப்னா என்ற ஊரில், வாடகை வீடொன்றில் பழுதான காஸ் ஹீற்றரால் எட்டு வயதும் ஆறு வயதுமான இரண்டு சகோதரர்கள் நித்திரையிலேயே இறந்தார்கள். அந்த மாநிலத்தில் 2021 மார்ச் 29 முதல், வாடகைக்கு விடுபவர் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை காஸ் சாதனங்களைப் பரிசோதிப்பிக்க வேண்டும் என்பது சட்டம். அங்குள்ள உங்கள் பிள்ளைகள் அந்தப் பரிசோதனைப் பத்திரத்தைக் கேட்டு வாங்கட்டும். வீட்டை இறுக்கி அடைத்துவிட்டு குசினி, குளியலறை மின்விசிறிகளை ஓடவிட்டால், புகைபோக்கியால் வெளியே போக வேண்டியது திரும்ப அறைக்குள் இழுபடலாம் என்பதையும் சொல்லுங்கள்.

எங்கள் கைக்கு உரிய வேலை எது?

சுவருக்குள் இருக்கும் குழாய், காஸ் பொயின்ற், ஹீற்றரின் உட்பகுதி, ஹோஸ் மாற்றுவது, ஒரு வாயுவுக்குரிய ஹீற்றரை இன்னொன்றுக்கு மாற்றுவது ஆகிய எல்லாம் லைசன்ஸ் பெற்ற காஸ்பிற்றரின் வேலை. வேறு எவரும் செய்வது சட்டப்படி குற்றம். பிளம்பர் எல்லோருக்கும் காஸ் லைசன்ஸ் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். லைசன்ஸ் இலக்கத்தைக் கேட்டு, மாநில அரசின் இணையத்தளத்தில் பாருங்கள். காஸ் குழாய் வேலை முடிந்ததும் இணக்கச் சான்றிதழ் தர வேண்டும். அதை வரிப் பத்திரங்களோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள்.

வீட்டுக்காரரின் கைக்கு உரியது ஒன்றே ஒன்று: காஸ்பிற்றர் ஏற்கெனவே அமைத்துத் தந்த பொயின்றில், சரியான ஹீற்றரின் ஹோஸை மாட்டுவதும் கழற்றுவதும். அதை முறையாகச் செய்யும் விதம் இது.

முதலாவது, தகட்டை வாசியுங்கள். ஹீற்றரின் பின்னால் உள்ள தகட்டில் 'நச்சுரல் காஸ்' என்றோ 'எல்.பி.ஜி' அல்லது 'புரொப்பேன்' என்றோ இருக்கும். தெருவோரக் குழாயால் வருவது இயற்கை வாயு. சிலிண்டரில் வருவது எல்.பி.ஜி. மாட்டும் வாய் இரண்டிலும் ஒரே மாதிரி இருக்கலாம். ஆனால் உள்ளே வாயு வரும் துளையின் அளவும் அழுத்தமும் வேறு. இயற்கை வாயு ஹீற்றருக்கு எல்.பி.ஜி கொடுத்தால் சுவாலை அளவுக்கு மீறி எழும்பும், கரி பிடிக்கும், காபன் ஓரொட்சைட்டு வரும். தகடு இல்லாத, அல்லது அவுஸ்திரேலிய அனுமதி முத்திரை இல்லாத ஹீற்றரை எவர் இலவசமாகத் தந்தாலும் வாங்க வேண்டாம்.

இரண்டாவது, ஹோஸைப் பாருங்கள். வெளிச்சத்தில் பிடித்து மெதுவாக வளைத்துப் பாருங்கள். வெடிப்பு, நசிவு, உருகிய அடையாளம், எலி கடித்த அடையாளம் இருந்தால் மாட்ட வேண்டாம். டேப் சுற்றுவது திருத்தமல்ல. ஹீற்றரோடு வந்த நீளம்தான் நீளம். இன்னொரு ஹோஸை ஒட்டி நீட்டக் கூடாது. ஒவ்வொரு ஒட்டும் ஒழுகக்கூடிய ஓரிடம். கம்பளத்துக்கு அடியிலோ, கதவு இடுக்காலோ, ஹீற்றரின் சூடான பகுதிக்குப் பின்னாலோ ஹோஸ் போகக் கூடாது.

மூன்றாவது, மாட்டுதல். ஹீற்றரின் திருகியை 'ஓஃப்' இல் வையுங்கள். பொயின்றின் மூடியை எடுத்து, தூசி இருந்தால் துடையுங்கள். ஊரில் பல்ப் போடுவது ஞாபகம் இருக்கிறதல்லவா? அதே முறைதான். இரண்டு பக்கத்து முளைகளும் பள்ளத்தில் சரியாக இருக்கப் பிடித்து, உள்ளே இருக்கும் ஸ்பிரிங்குக்கு எதிராக நேராக அழுத்தி, வலப்பக்கம் கால் சுற்றுத் திருப்பினால் நிற்கும். நேராகப் போகாவிட்டால் பலவந்தம் செய்ய வேண்டாம். குறடு எடுக்கவே வேண்டாம். குறடு தேவைப்படுகிறது என்றால் காஸ்பிற்றர் தேவைப்படுகிறார் என்று அர்த்தம்.

நான்காவது, நுரைச் சோதனை. பாத்திரம் கழுவும் திரவத்தைத் தண்ணீரில் கலந்து, ஒரு சிறு தூரிகையால் மாட்டிய இடத்தில் தடவுங்கள். குமிழி வளர்ந்தால் ஒழுகுகிறது. கழற்றிவிட்டு காஸ்பிற்றரை அழையுங்கள். நெருப்புக்குச்சி கொளுத்திப் பார்க்கும் பழக்கம் எங்கள் தலைமுறையோடு ஒழியட்டும்.

ஐந்தாவது, யன்னல். ஹீற்றரைக் கொளுத்துவதற்கு முன் யன்னலை நான்கு விரல் அகலமாவது திறவுங்கள். சுவரிலுள்ள காற்றுத் துவாரங்களுக்கு முன்னால் அலுமாரியோ திரைச்சீலையோ இருக்கக் கூடாது. பத்திரிகை பற்றி நான் இனிச் சொல்லத் தேவையில்லை. அறையின் அளவுக்கு எத்தனை எம்.ஜே. ஹீற்றர், எவ்வளவு காற்றோட்டம் என்பது அதன் கையேட்டில் இருக்கும். அதைப் பின்பற்றுங்கள்.

ஆறாவது, சில நிமிடம் நின்று பாருங்கள். ஹோஸில் காற்று இருப்பதால் முதல் தடவை உடனே பற்றாமல் விடலாம். அப்படியானால் 'ஓஃப்' செய்து சில நிமிடம் பொறுத்து மீண்டும் முயலுங்கள். சுவாலை நீலமாக, ஆடாமல் எரிய வேண்டும். சில ஹீற்றர்களில் வெண்களித் தட்டுகள் சூடேறிச் செம்மஞ்சளாக ஒளிரும், அது இயல்பு. ஆனால் சுவாலையே மஞ்சளாக நீண்டு எழுந்தாலோ, கரி படிந்தாலோ, கண் எரிந்தாலோ அணைத்துவிடுங்கள். ஹீற்றர் இடையில் தானாக அணைந்தால் அதைப் பழுதென்று ஏசி மீண்டும் மீண்டும் கொளுத்த வேண்டாம். அறையில் ஒட்சிசன் குறைந்தால் நிறுத்தும் ஓர் உணரி அதற்குள் இருக்கலாம். அது உங்களுக்குச் சொல்லும் செய்தி: "யன்னலைத் திற, என்னைப் பரிசோதி."

கழற்றும்போது முதலில் ஹீற்றரை அணைத்து, ஆறவிட்டு, அழுத்தி இடப்பக்கம் திருப்பினால் கழன்றுவிடும். பொயின்ற் தானாக மூடிக்கொள்ளும். மூடியைப் போடுங்கள். வசந்தகாலத்தில் ஹீற்றரைத் துணியால் மூடி வைத்தால் தூசி குறையும். குறைந்தது இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை, முடிந்தால் ஒவ்வொரு ஆண்டும் மே மாதத்தில், காஸ்பிற்றரைக் கொண்டு துப்புரவு செய்து பரிசோதியுங்கள்.

ஒருபோதும் செய்யக் கூடாதவை

படுக்கையறையிலோ குளியலறையிலோ இந்த ஹீற்றரை வைக்கக் கூடாது. நித்திரையில் இருப்பவருக்குத் தலையிடி தெரியாது. படுக்கப் போகுமுன் அணைக்க வேண்டும். திரைச்சீலை, சோபா, காயப்போட்ட உடுப்பு எல்லாம் ஒரு மீற்றருக்கு அப்பால் இருக்க வேண்டும். பள்ளிச் சீருடை காயவில்லை என்று ஹீற்றருக்கு முன்னால் கதிரையில் விரித்துவிடுவது எங்கள் எல்லார் வீட்டுப் பழக்கம். அதை இன்றோடு விடுவோம்.

வெளியில் பாவிக்கும் ஹீற்றர், பாபிகியூ, கரியடுப்பு ஆகியவற்றை வீட்டுக்குள்ளோ, கராஜுக்குள்ளோ கொண்டுவரக் கூடாது. கரி தணலாகும்போது புகை அடங்கியிருக்கும், ஆனால் காபன் ஓரொட்சைட்டு அப்போதுதான் அதிகம். மழை நாளில் கராஜில் கரி மூட்டி இறைச்சி வாட்டி, பிறகு அந்தத் தணலை வீட்டுக்குள் சூட்டுக்கு வைப்பது உயிரோடு விளையாடுவது.

மணம் வந்தால்

2021 நவம்பர், டிசம்பர் மாதங்களில் இலங்கையில் சமையல் காஸ் வெடிப்புகள் அடுத்தடுத்து நடந்தபோது, எங்கள் உறவுகள் பலர் அடுப்புப் பக்கம் போகவே பயந்தார்கள். பயத்தைவிட ஒழுங்கு உதவும். ஊரில் பாவிக்கும் எல்.பி.ஜி காற்றைவிடப் பாரமானது, நிலத்தில் தேங்கும். இங்கே குழாயால் வரும் இயற்கை வாயு காற்றைவிட இலேசானது, மேலே போகும். இரண்டுக்கும் செய்ய வேண்டியது ஒன்றே.

மின் சுவிச் எதையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். நெருப்பு வேண்டாம். யன்னல், கதவுகளைத் திறவுங்கள். மீற்றருக்குப் பக்கத்திலுள்ள திருகியைக் குழாய்க்குக் குறுக்காக வரும்படி திருப்பினால் காஸ் நின்றுவிடும். எல்லோரும் வெளியே வாருங்கள். வெளியே நின்று தொலைபேசி எடுங்கள். சிட்னியின் காஸ் குழாய் வலையமைப்புக்கான அவசர இலக்கம் 131 909. வேறு இடங்களில் உள்ளவர்களுக்கு அந்த இலக்கம் காஸ் பில்லில் இருக்கும். உயிராபத்து என்றால் 000. ஆங்கிலம் தடக்கினால் 'தமிழ்' என்று சொல்லுங்கள், மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். மொழிபெயர்ப்புச் சேவையை நேரடியாக அழைக்க 131 450. அணைத்த காஸை நீங்களே மீண்டும் திறக்க வேண்டாம்.

மணமில்லாமல், வீட்டில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தலையிடி, தலைச்சுற்று, குமட்டல், காய்ச்சல் இல்லாத அசதி வந்தால், வெளியே போனால் அது குறைந்தால், ஹீற்றரைச் சந்தேகியுங்கள். அணைத்து, எல்லோரையும் வெளியே கொண்டுவந்து, வைத்தியரிடம் "காஸ் ஹீற்றர் எரித்தோம்" என்று நீங்களாகவே சொல்லுங்கள். ஆலோசனைக்கு நஞ்சுத் தகவல் நிலையம் 13 11 26. ஒருவர் மயங்கினால் 000.

வாடகை வீட்டில் இருப்போருக்கு

"முகவரிடம் முறைப்பாடு செய்தால் வீட்டை விட்டு எழுப்பிவிடுவார்கள்" என்று பேசாமல் இருக்கும் குடும்பங்கள் எங்களிடையே நிறைய. இந்த மாநிலத்தின் 2010 ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தில் ஆபத்தான காஸ் ஒழுக்கு 'அவசரத் திருத்தம்' என்று எழுதப்பட்டிருக்கிறது. முகவருக்கோ வீட்டு உரிமையாளருக்கோ அறிவிக்க முயன்றும் அவர்கள் உரிய நேரத்தில் செய்யாவிட்டால், லைசன்ஸ் உள்ளவரைக் கொண்டு நீங்களே திருத்தி, 1000 டொலர் வரை திரும்பப் பெறலாம். பற்றுச்சீட்டும், நீங்கள் அறிவித்த செய்தியின் பிரதியும் கையில் இருக்க வேண்டும். 2025 மே 19 முதல் காரணம் காட்டாமல் வாடகையாளரை வெளியேற்ற முடியாது. ஆகவே எழுத்தில் அறிவியுங்கள், திகதி போடுங்கள். கணக்காளன் சொல்கிறேன், எழுத்தில் இல்லாதது நடக்காதது மாதிரித்தான்.

செலவுக் கணக்கு

"காஸ்பிற்றருக்குக் காசு" என்ற கவலைக்கு வருகிறேன். உங்கள் காஸ் பில்லில் ஒரு மெகாயூலின் விலை இருக்கும். 25 எம்.ஜே. ஹீற்றரை நாளுக்கு நான்கு மணித்தியாலம் முழு வேகத்தில் எரித்தால் 100 மெகாயூல், மாதத்துக்கு 3000. அதை அந்த விலையால் பெருக்கிப் பாருங்கள். பிறகு, குளிர்காலம் மூன்று மாதம் என்று கணக்கிட்டு, ஒரு தடவை பரிசோதிக்கும் செலவோடு ஒப்பிடுங்கள். வீட்டில் குளிரும் சூடும் தரும் ஏயார்கொண்டிஷனர் இருந்தால் அதையும் கணக்கில் எடுங்கள். ஒரு பங்கு மின்சாரத்துக்கு அது மூன்று, நான்கு பங்கு சூட்டை அறைக்குள் கொண்டுவரும். அறைக்குள் எதையும் எரிப்பதும் இல்லை. படுக்கையறைக்கு எண்ணெய் நிரப்பிய மின் ஹீற்றர் போதும்.

அந்த மருமகன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தார். இரண்டாவது ஹோஸ் கடைக்கே திரும்பிப் போனது. காஸ்பிற்றர் வந்து ஹோலில் இருந்த ஹீற்றரைத் துப்புரவாக்கி, பழைய ஹோஸை மாற்றிக் கொடுத்தார். பேரப்பிள்ளையின் அறைக்கு ஒரு மின் ஹீற்றர் வாங்கினார்கள்.

அடுத்த வாரம் நிகழ்ச்சி முடிந்ததும் அந்தத் தாயார் மீண்டும் அழைத்தார்.

"தம்பி, நீங்கள் சொன்ன மாதிரி யன்னலைக் கொஞ்சம் திறந்து விட்டிருக்கிறம். ஆனால் கொஞ்சம் குளிருது."

"குளிரட்டும் அம்மா" என்றேன். "ஒரு சுவெற்றர் போடுங்கோ."

அடுத்த உரையில், வருமான வரிப் படிவத்தோடு சந்திப்போம். அதுவரை இன்றிரவு ஒரே ஒரு வேலை செய்யுங்கள்: எழுந்து போய் உங்கள் ஹீற்றரின் பின்பக்கத் தகட்டையும், சுவரிலுள்ள காற்றுத் துவாரங்களையும் ஒருமுறை பாருங்கள்.